நாலாம் தொட்டி

மாலதியின் வேலையில் முக்கால்வாசி கொல்வதுதான். யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. பண்ணையில் அதற்குப் பெயர் பொறுக்குவது. குளிர்காலத்தில் ட்ரவுட் மீன்களின் வயிற்றைப் பிழிந்து எடுத்த முட்டைகளைத் தட்டுகளில் பரப்பி வைப்பார்கள். அவற்றின்மேல் ஓடைத்தண்ணீர் நாளெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீரில் கையை விட்டு, வெளுத்துப்போன முட்டைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போடவேண்டும். வெளுத்த முட்டை செத்த முட்டை. விட்டுவைத்தால் பஞ்சுபோலப் பூசணம் கிளம்பி, பக்கத்தில் உயிரோடு இருப்பதையும் மூடிவிடும்.

குஞ்சு பொரித்த பிறகு அடுத்த பொறுக்கல். முதுகு வளைந்தது, இரண்டு தலையோடு பிறந்தது, தீனி போட்டால் மேலே வரத் தெரியாமல் அடியிலேயே கிடப்பது எல்லாம் வாளிக்குள் போகும். வாளியைத் தொட்டிகளுக்குப் பின்னால் கொட்டுவாள். காக்கைகளுக்கு அந்த நேரம் தெரியும்.

அவள் பிறந்தது நீலகிரியில் எமரால்டுக்கு மேலே ஓர் எஸ்டேட் லைன் வீட்டில். அவளுடைய அப்பிச்சி, அம்மாவின் அப்பா, அன்னூர்ப் பக்கத்திலிருந்து ரோடு வேலைக்கு மலையேறி வந்தவர். மாலதி கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் தேயிலை பறித்தாள். கணவன் பாலன் கேரட் மூட்டைகளை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிப்போகும் பிக்கப் வண்டியை ஓட்டினான். இலை வாங்கிக்கொண்டிருந்த சின்ன ஃபேக்டரி மூடிய வருடம், அதே லைனில் குடியிருந்த, ஏற்கெனவே அங்கே வேலை பார்த்த சுப்பண்ணன்தான் அவளை மீன்பண்ணைக்குக் கூட்டிப்போய் முதலாளியிடம் நிறுத்தினார். "கை வேகமுங்க சார். இலையில எங்க ஆளுங்க எல்லாத்தையும் முந்துன புள்ள" என்றார்.

முதலாளி அம்புரோஸ் குன்னூர்க்காரர். சோலைக்காட்டுக்குக் கீழே இருந்த சரிவில் விடுதி கட்டியிருந்தார். விடுதிக்குப் பக்கத்தில் ஓடையை மறித்து ஐந்து சிமெண்டுத் தொட்டிகள். வருகிற விருந்தாளிகளுக்கு மீனைக் காட்டி, அதையே பொரித்துக் கொடுப்பார். மிச்சம் ஊட்டி, கோவை ஹோட்டல்களுக்குப் போகும்.

சுப்பண்ணனுக்குப் பொறுக்க வராது. வளைந்த குஞ்சுகளை ஒரு பழைய பெயிண்டு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் தீனியைப் பொடித்துத் தூவிக்கொண்டிருப்பார்.

"அதுக்குப் போடற தீனி தண்டமுங்கண்ணா" என்பாள் மாலதி.

"கெடக்கட்டும் புள்ள. அது யார என்ன பண்ணுச்சு?"

சில நாளில் டப்பாவில் எல்லாம் மிதக்கும். அவரே கொண்டுபோய்ப் புதைப்பார். மாலதி சிரிப்பாள். அவளுக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்த டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக இருந்தது.

ஒரு வருடம் கோடைமழை ஏமாற்றியது. மாசியிலேயே ஓடை நூலாகிவிட்டது. சித்திரையில் ஊட்டிக் கடைவீதியில் மின்விசிறி விற்றார்கள். ட்ரவுட் குளிர்தண்ணீர் மீன். வெள்ளைக்காரர்கள் கடல் கடந்து கொண்டுவந்து விட்டதிலிருந்து இந்த மலையின் குளிரில்தான் பிழைத்து வந்திருக்கிறது. தண்ணீர் சூடேறினால் அதில் மூச்சுக்காற்று குறைந்துவிடும். மீன்கள் தண்ணீர் விழும் முனையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, செவுளை விரித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. அம்புரோஸ் ஊட்டியிலிருந்து ஐஸ் கட்டிகளை வரவழைத்துத் தொட்டிகளில் போட்டார். அப்படியும் பாதி மீன் செத்தது.

மழை வந்த பிறகு, மீன்வளம் படித்த சசிதரன் என்பவனைக் கூட்டிவந்தார். கூடலூர்ப் பையன், முப்பது வயதுக்குள் இருக்கும். இரண்டு நாள் தொட்டிகளைச் சுற்றி வந்தான். மூன்றாம் நாள் அம்புரோஸை நிறுத்திக் கேட்டான்.

"ஒரே தண்ணி, ஒரே தீனி, ஒரே வெயில். பாதி செத்துச்சு, பாதி சாகல. ஏன் சார்?"

"அதிர்ஷ்டம்."

"கொஞ்சம் அதிர்ஷ்டம். மிச்சம் பொறப்பு. நம்ம கண்ணுக்கு எல்லாம் ஒண்ணு மாதிரி இருக்கு. உள்ள ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம். ஒண்ணோட செவுள் கொஞ்சம் அதிகமா காத்து இழுக்கும், ஒண்ணோட ரத்தம் கொஞ்சம் சூடு தாங்கும். குளிரா இருக்கற வரைக்கும் அது தெரியாது. வெயில் வந்தா தெரியும்."

தட்டு கழுவிக்கொண்டிருந்த சுப்பண்ணன் தலையை நிமிர்த்தினார். "அப்போ கொஞ்சங்கொஞ்சமா சூட்டுக்குப் பழக்குனா பழகிக்குமுங்களா தம்பி?"

"பழகும்ண்ணா. ஆனா அந்தப் பழக்கம் அதோட போயிரும், குஞ்சுக்கு வராது. நீங்க எவ்வளவு வெறகு வெட்டி தோள் ஏறியிருந்தாலும் உங்க புள்ள அந்தத் தோளோடயா பொறந்துச்சு? கூடவே பொறந்தது மட்டுந்தான் குஞ்சுக்குப் போகும். வெயில் எந்த மீனையும் மாத்தாது. தாங்காதத எடுத்துட்டு, தாங்கறத விட்டுட்டுப் போகும். மிஞ்சுனதோட குஞ்சுங்களும் பெரும்பாலும் தாங்கும். அதுலயும் திரும்பத் திரும்ப இதே நடந்தா, பல தலைமுறையில மீனே வேற மாதிரி ஆயிரும். உலகத்துல இருக்கற எல்லாம் அப்படி வந்ததுதான். நாமளும்."

அம்புரோஸுக்கு உலகத்தைப் பற்றிக் கவலையில்லை. "நான் என்ன பண்ணணும்?" என்று மட்டும் கேட்டார்.

"அடுத்த கோடையில ஒரு தொட்டிக்கு மட்டும் ஐஸ் போடாதீங்க. குளிர் குழாயையும் மூடிருங்க. சாகறது சாகட்டும். மிஞ்சறதுல முட்டை எடுப்போம்."

நாலாம் தொட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். அது வெயில் படும் தொட்டி.

அடுத்த கோடையும் வறட்சிதான். சோலைக்குள் ஊற்றிலிருந்து வரும் குளிர் குழாயின் வால்வை மூடி, மாலதியைக் காவலுக்கு வைத்தார்கள். செத்ததை உடனுக்குடன் எடுக்கவேண்டும், தண்ணீரை யாரும் திறக்கக்கூடாது. இரண்டே கட்டளை.

முதல் நாள் அவளுக்கே பார்க்கக் கஷ்டமாக இருந்தது. மீன்கள் சத்தம் போடாது, அது பெரிய கொடுமை. கத்தினால் காதைப் பொத்திக்கொள்ளலாம். இவை வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. சாய்ந்த மீன் ஒருமுறை நிமிர்ந்து நீந்தப் பார்க்கும், சுவரில் மோதும், மறுபடி சாயும். வயிறு வெள்ளையாகத் தெரியும். அதன் பிறகும் செவுள் அசைந்துகொண்டிருக்கும். அசைவு நிற்கும்வரை காத்திருந்து வலையால் எடுத்தாள். பிறகு காத்திருக்காமல் எடுத்தாள்.

மத்தியானத்துக்கு மேல் அவளுக்குள் ஒன்று மாறியது. அடியில் நிழலோரமாகச் சில மீன்கள் அசையாமல் நின்றிருப்பதைக் கண்டாள். மற்றவை முட்டி மோதிச் செத்துக்கொண்டிருக்க, அவை நின்றன. எது நிற்கும், எது சாயும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொன்னது பலித்தபோது சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் வந்த பிறகு பார்ப்பது கஷ்டமாக இல்லை.

அப்போதுதான் பக்கவாட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சுப்பண்ணன் வால்வைத் திறந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, மூடுங்க!"

"பாவம்டி இது. சாகறதப் பாத்துட்டு ஒக்காந்திருக்கற. ஒரு வாய் தண்ணி குடிக்கட்டும்."

"நீங்க இப்பத் தொறந்தா, காலையில இருந்து செத்ததெல்லாம் வீணாப் போகும். எது தாங்கும், எது தாங்காதுன்னு இனி எப்படித் தெரியும்?"

அவர் கையை எடுக்கவில்லை. மாலதி அவரைத் தோளால் தள்ளிவிட்டு வால்வை மூடினாள். அவர் ஈரச் சிமெண்டில் உட்கார்ந்துவிட்டார். அடிபடவில்லை. அவளைப் பார்த்த பார்வையில் கோபமும் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. அவள் சாயங்காலம் அதை முதலாளியிடம் சொன்னாள். மறுநாளிலிருந்து சுப்பண்ணனைத் தொட்டிப் பக்கம் விடவில்லை. விடுதி விருந்தாளிகள் குளிர்காய்வதற்கு விறகு பிளக்கப் போட்டார்கள்.

நாலாம் தொட்டியில் மிஞ்சியது ஒரு கூடை மீன்கூட இல்லை. அவற்றைப் பிழிந்து எடுத்த முட்டைகளை மாலதி தன் பிள்ளைகளைப் போலப் பார்த்தாள். இரண்டு வருடம் கழித்து அந்தக் குஞ்சுகள் வளர்ந்ததும் அவற்றுக்கும் அதே வெயில், அதே மூடிய குழாய். இந்தமுறை பாதிக்குமேல் நின்றன. சசிதரன் வெப்பமானியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தான். "நடக்குது" என்றான். மாலதிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. படிக்காத தன் கையால் ஒரு புது மீன் உண்டாகிறது என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது பாலனிடம் சொன்னாள்.

பாலன் சிரித்தான். "நம்ம ஊட்டுல யாரப் பொறுக்குவ?"

"நீங்க வண்டி ஓட்டற வரைக்கும் பயமில்லீங்க."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பார்க்கிற எல்லாரையும் அவள் அப்படித்தான் பார்க்கத் தொடங்கியிருந்தாள். பஸ்ஸில் மூச்சு வாங்க ஏறுகிறவரை, லைனில் வருடம் முழுக்க இருமுகிற குழந்தையை, படியில் கால் வைக்குமுன் தயங்குகிற கிழவரை. இது நிற்கும், இது நிற்காது என்று மனம் தானாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

பிறகு ஊரடங்கு வந்தது. விடுதிக்கு ஆளில்லை, ஹோட்டல்கள் மூடிக்கிடந்தன. பண்ணையில் வேலை செய்த ஐந்து பேரில் ஒருவரை நிறுத்தவேண்டும் என்றார் அம்புரோஸ். அந்த ஆடியில் சோலைச் சரிவு பெயர்ந்து, ஓடையிலிருந்து தொட்டிகளுக்குத் தண்ணீர் திரும்பும் மதகு சேற்றில் மூடிப்போனது. கொட்டும் மழையில் ஐந்து பேரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மண்ணை அள்ளினார்கள். அம்புரோஸ் குடையோடு கரையில் நின்றார்.

"மாலதி, உன் நாலாம் தொட்டி மாதிரி பாத்துச் சொல்லு. யாரு நிப்பாங்க, யாரு நிக்கமாட்டாங்க" என்றார். பாதி விளையாட்டாகத்தான் சொன்னார்.

மற்றவர்களுக்கு அது கேட்கவில்லை. மாலதிக்குக் கேட்டது. அவள் மண்ணை அள்ளிக்கொண்டே பார்த்தாள். வயதில் எல்லாருக்கும் இளையவனான கமலேஷ் பாட்டுப் பாடிக்கொண்டு அள்ளினான். சுப்பண்ணனுக்கு உதடு நீலம் பூத்துவிட்டது. சட்டியைப் பிடிக்கமுடியாமல் விரல்கள் மடங்கிக்கொண்டன. ஒரு கட்டத்தில் சட்டியைப் போட்டுவிட்டு, தவழ்ந்து கரையேறி, ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு நடுங்கினார். கமலேஷ் ஓடிப்போய் அவர்மேல் தன் சாக்கைப் போர்த்தினான்.

வேலை முடிந்ததும் அம்புரோஸ் மாலதியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள், "சுப்பண்ணனுங்க சார்" என்றாள்.

வேறு பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அப்போது அது தோன்றவே இல்லை. கண்ணால் கண்டதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

சுப்பண்ணன் சண்டை போடவில்லை. தன் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு, தொட்டிகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். பேரைச் சொன்னது யார் என்று, அதைப் பக்கத்தில் நின்று கேட்ட கமலேஷ் மூலம் லைன் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

ஊரடங்கு தளர்ந்து சசிதரன் திரும்பி வந்தபோது முதலில் அவரைத்தான் கேட்டான்.

"எங்க சுப்பண்ணன்?"

"அனுப்பியாச்சுங்க. தண்ணியில நிக்க முடியல. மொதல்ல ஏறுனது அவருதான்" என்றாள் மாலதி. அன்று மதகில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

அவன் முகம் சிவந்துவிட்டது. "நான் சொன்னது மீனப் பத்தி. காடு யாரையும் பாத்து நீ இரு, நீ போன்னு சொல்றதில்ல. வெயில் வருது, சிலது சாகுது. அதுல ஒரு மனசும் கெடையாது, ஒரு நியாயமும் கெடையாது. தப்பிச்சது ஒசத்தின்னும் இல்ல, செத்தது மட்டம்னும் இல்ல. நீங்க மனசறிஞ்சு ஒரு ஆளக் காட்டிக் குடுத்திருக்கீங்க."

மாலதி கையிலிருந்த வலையை உதறினாள். "நாலாம் தொட்டிக்கும் மனசறிஞ்சுதானுங்களே கொழாய மூடுனோம்? நீங்க சொன்னீங்க, நான் மூடுனேன்."

வெப்பமானியைத் துடைத்துப் பையில் வைத்தான். வேலையை விடவில்லை. அவன் தன் ஆராய்ச்சிப் படிப்புக்காக எழுதிக்கொண்டிருந்தது அந்தத் தொட்டியைப் பற்றித்தான்.

சுப்பண்ணன் கேரட் கழுவும் இடத்துக்கு வேலைக்குப் போனார். விடிவதற்கு முன் கேரட் லோடு கிளம்பும் என்பதால் இருட்டோடு நடக்கவேண்டும். தை மாதத்தில் ஒருநாள், பனி மூடிய தேயிலைக்காட்டு வளைவில் காட்டுமாடு நின்றிருந்தது. கூடப்போன ஆட்கள் செடிகளுக்குள் பாய்ந்து ஓடிவிட்டார்கள். மதகில் நனைந்த நாளிலிருந்து அவருக்கு முட்டி மடங்காது. மாடு அவரைத் தூக்கி ரோட்டோரக் கல்லில் போட்டது. உடனே உயிர் போகவில்லை. ஆம்புலன்ஸ் பனியில் வழிதெரியாமல் ஊர்ந்து வருகிறவரை, ஓடிப்போன ஆட்கள் திரும்பிவந்து சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் கேட்டாராம். வயிற்றில் குத்துப்பட்டவருக்குக் கொடுக்கக்கூடாது என்று யாரோ சொன்னதால் கொடுக்கவில்லை.

மாலதி சாவுக்குப் போனாள். போகாமல் இருந்தால் தப்பு என்று பாலன் சொன்னதால் போனாள். சுப்பண்ணனின் மனைவி சின்னம்மை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். மாலதி பக்கத்தில் போய்க் குனிந்து கையைப் பிடித்தாள்.

"கூட வந்தவங்கல்லாம் ஓடிட்டாங்களாமா" என்றாள் சின்னம்மை. "இவரால ஓட முடியல."

"ஆமாங்கக்கா."

"அவரால முடியாதுன்னு உனக்குத்தான மொதல்ல தெரிஞ்சுது?"

கையை உருவிக்கொள்ளாமலேதான் அதைக் கேட்டாள். மாலதியாகத்தான் கையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே வந்தாள்.

அதற்குப் பிறகு வந்த பெருங்கோடையைப் பற்றி மலையில் இன்றும் பேசுவார்கள். தேயிலை கருகியது, குடிதண்ணீர் லாரியில் வந்தது. மற்ற தொட்டிகளில் எவ்வளவு ஐஸ் கொட்டியும் மீன்கள் மிதந்தன. நாலாம் தொட்டி மீன்கள், மூன்று தலைமுறையாக வெயிலில் வடிகட்டப்பட்டவை, வெதுவெதுப்பான தண்ணீரில் நின்று தீனி தின்றன. அம்புரோஸ் வெளியூர்ப் பண்ணைக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினார். 'இவங்கதான் வளர்த்தாங்க' என்று மாலதியை அவர்கள் முன்னால் நிறுத்தினார். அவளைப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் அவள் சிரிக்கிறாள்.

மற்ற தொட்டிகளில் உயிர் தப்பிய பழைய மீன்கள் கொஞ்சம் இருந்தன. அவற்றை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது சசிதரன் கெஞ்சினான்.

"அத வெச்சுக்குங்க சார். நாலாம் தொட்டியில இருக்கறது எல்லாம் அன்னிக்கு மிஞ்சுன ஒரு கூடை மீனோட வம்சம். எல்லாம் ஒரே வீட்டுப் புள்ளைங்க மாதிரி. வெயில் தாங்கும், சரி. வேற ஒண்ணு வந்தா? ஒண்ணால தாங்க முடியாதத இதுல எதாலயும் தாங்க முடியாது. கலந்து இருந்தாத்தான் ஏதாவது ஒண்ணாவது நிக்கும்."

"வெயிலுக்கே நிக்காதது வேற எதுக்குப்பா நிக்கும்?" என்றார் அம்புரோஸ். பிறகு மாலதியைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

தொட்டியெல்லாம் தன் மீனாகவே நிறையவேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. "அது தேறாத மீனுங்க சார்" என்றாள்.

பழைய மீன்களை அவளே வலை போட்டு அரித்தாள். விடுதியில் கல்யாணக் கோஷ்டி ஒன்று தங்கியிருந்தது. இரண்டு நாளில் எல்லாம் வறுபட்டுப்போயின. காலியான தொட்டிகளிலும் நாலாம் தொட்டி மீன்களையே விட்டார்கள்.

மறுவருடம் மழை விடவே இல்லை. ஐப்பசி முழுக்க வெயில் தலைகாட்டவில்லை. ஓடை கலங்கலாக, பனிக்கட்டி போலக் குளிர்ந்து ஓடியது. ட்ரவுட்டுக்கு அது பிடித்த குளிர்தான். ஒரு காலையில் மூன்றாம் தொட்டியில் நாலைந்து மீன்கள் தீனிக்கு வராமல் ஓரமாக நின்றன. மாலதி ஒன்றைப் பிடித்துச் செவுளைத் திறந்தாள். சிவப்பாக இருக்கவேண்டிய இடம் வெளிறி, சளியாக வழிந்தது. அதை வாளியில் போட்டாள். ஓரமாக நின்றதையெல்லாம் போட்டாள். மறுநாள் வாளி போதவில்லை.

சசிதரன் மழையோடு மழையாக வந்து, செவுளைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து ஆய்வுக்கு அனுப்பினான். உப்புத்தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். மருந்து கலந்தார்கள். நோய் ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்கு ஓடைத்தண்ணீரைவிட வேகமாகப் போயிற்று. வெயிலில் நின்ற மீன்கள், பெரிதும் சிறிதும், ஆணும் பெண்ணும், ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு ஒரே மாதிரி சாய்ந்தன. அவற்றுக்குள் வித்தியாசம் என்று எதுவும் மிச்சமில்லை. அதை அவள்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்திருந்தாள்.

கடைசியாக நாலாம் தொட்டி. செத்ததை எடுக்க எடுக்க, அவள் அடியில் நிழலோரமாகத் தேடிக்கொண்டே இருந்தாள். முதல் கோடையில் அப்படி நின்ற மீன்களைக் கண்டவள் அல்லவா. நிற்கும், ஒன்றாவது நிற்கும் என்று நம்பினாள். எடுத்த மீனைச் சாக்கில் போடுமுன் செவுளில் விரல் வைத்துப் பார்த்தாள். தொட்டியை வடித்தார்கள். தண்ணீர் இறங்கி, சேறும் செத்த மீனும் தெரிந்தபோது உள்ளே குதித்துச் சேற்றைக் கையால் துழாவினாள். கமலேஷ் வந்து, "அக்கா, ஒண்ணுமில்ல, வாங்க" என்று தோளைப் பிடித்து இழுத்தான். அவனைத் தட்டிவிட்டாள்.

"ஒண்ணு இருக்கோணுமே" என்றாள் சசிதரனைப் பார்த்து. "எத்தன செத்தாலும் ஒண்ணு நிக்குமுன்னு நீங்கதான சொன்னீங்க?"

சசிதரன் கரையில் நனைந்துகொண்டு நின்றான். "நான் அப்படிச் சொன்னதே இல்ல மாலதிக்கா. நிக்கறதும் உண்டு. நிக்காமலே போறதும் உண்டு. உலகத்துல இதுவரைக்கும் வந்ததுல முக்காலே மூணு வீசம் ஒண்ணுகூட மிஞ்சாம போனதுதான்."

குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். சசிதரன் தன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனான். போகும்போது, அந்தப் பழைய மீன்களில் நாலு இருந்திருந்தால் என்று அம்புரோஸிடம் ஏதோ ஆரம்பித்தான். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

மாலதியை அம்புரோஸ் நிறுத்திவிடவில்லை. அவருக்கு அவள்மேல் குறையே தோன்றவில்லை. தொட்டிகளைக் காயப்போட்டு, வெள்ளையடித்து, மறு குளிர்காலத்துக்கு இமாச்சலத்திலிருந்து முட்டை வரவழைத்தார். ஐஸ் பெட்டிகளில் விமானமேறி வந்த முட்டைகள். "திரும்ப ஆரம்பிப்போம். உன் கை இருக்கே" என்றார்.

இன்னொரு பொம்பளை ஆள் வேண்டும் என்று லைனில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மறுநாள் காலையில் வந்து நின்றது சின்னம்மை.

"வேலை இருக்குதுன்னாங்க" என்றாள் அம்புரோஸிடம். மாலதியைப் பார்க்கவில்லை.

அம்புரோஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மெலிந்த உடம்பு, காதோரம் நரை. யாருடைய மனைவி என்று அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. "தண்ணியில நிப்பாங்களா?" என்று மாலதியிடம் கேட்டார்.

"நிப்பாங்க சார்" என்றாள் மாலதி உடனே. பார்த்துச் சொன்ன பதில் இல்லை அது.

ஒரே தட்டுமேசையின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேரும் நின்று பொறுக்குகிறார்கள். ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. தட்டை நகர்த்து, தண்ணியைக் குறை, இடுக்கி எங்கே என்பவை தவிர ஒரு பேச்சில்லை. சின்னம்மை சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ச் சாப்பிடுவாள். வெளுத்த முட்டையை எடுக்க அவள் தயங்குவதில்லை. வளைந்த குஞ்சையும் வாளியில்தான் போடுகிறாள்.

போன மார்கழியில் உறைபனி விழுந்த ஒரு காலையில் சின்னம்மையின் விரல்கள் மரத்து மடங்கிக்கொண்டன. இடுக்கி இரண்டுமுறை தண்ணீருக்குள் விழுந்தது. மாலதி அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்து, அதையும் சேர்த்துப் பொறுக்கத் தொடங்கினாள். சின்னம்மை கைகளைக் கக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இழுத்த வேகத்தில் சில நல்ல முட்டைகள் தெறித்துத் தரையில் உருண்டன.

"உடு" என்றாள். "என்னுத நான் பாத்துக்கறேன். முடியலீன்னா நீ போய்ச் சொல்லு."

மாலதி கையை எடுத்துவிட்டுத் தன் தட்டுக்குத் திரும்பினாள். சின்னம்மை மடங்கிய விரல்களுக்கு நடுவே இடுக்கியைச் செருகிக்கொண்டு மெதுவாகப் பொறுக்கினாள். அந்தத் தட்டு முடிய மத்தியானம் ஆயிற்று. அதுவரை இரண்டு பேரும் தலை நிமிரவில்லை.